தாழிக்குக் கோடி போட்ட சம்பந்தி

சேதி வந்தபோது எனக்கு ஒரு கன்னம்தான் மழித்திருந்தது. பழங்காநத்தத்தில் வேப்பமரத்தடியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். "ஒங்க சம்பந்தி சின்னக்காளை தவறிட்டாராம்ணே" என்று சைக்கிளில் வந்தவர் சொன்னதும் அப்படியே எழுந்து ஓடினேன். ஒப்பாரி வைத்த பெண்கள் என்னைக் கண்டு ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன என் மகள், அழுகையோடு அழுகையாக, "மழிச்ச பக்கத்த ஊருக்குக் காட்டி உக்காருங்கப்பா" என்றாள்.

அங்கே ஒருவர், "நல்ல மனுசன். என்ன, பானைக்குப் பேரன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு" என்றார். சம்பந்தியை அறிந்த உங்களில் பலரும் அப்படிச் சொன்னவர்கள்தான். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆமாம், பேரன்தான். அதில் என்ன குறைச்சல்?

திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே அவர் நிலத்தில் கிணறு வெட்டும்போது ஒரு பெரிய தாழி கிடைத்தது. உள்ளே எலும்புகள். உத்தியோகஸ்தர்கள் வந்து, வைக்கோல் சுற்றி, பட்டணத்து மியூசியத்துக்கு ரயிலேற்ற வண்டியில் வைத்துக் கிளம்பினார்கள். சம்பந்தி வண்டியை மறித்தார். "ஒரு பொழுது பொறுங்க. கடைக்குப் போயி கோடி எடுத்துட்டு வாரேன். புது வேட்டி போத்தாம எங்க பாட்டனை எப்புடி அனுப்புறது?" ரயிலுக்கு நேரமாயிற்று என்று வண்டி போய்விட்டது. அந்தக் குறை அவருக்கு ஆறவே இல்லை. பேரப்பிள்ளைக்குக் காது குத்திய அன்றுகூட, "பெரியவருக்கு மொறை செய்யாத வீட்டுல விசேசம் என்ன வேண்டிக்கெடக்கு?" என்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக இருவரும் பட்டணம் போனோம். மிருகக்காட்சிச் சாலைக்கு அங்கே உயிர் காலேஜ் என்று பெயர். மியூசியத்துக்குச் செத்த காலேஜ். நாலாம் பாரத்தோடு படிப்பு நின்றவன், காலேஜையும் பார்த்துவிடலாம் என்று நானும் கிளம்பினேன். திமிங்கல எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்தபடியே ஒரு வெள்ளைக்காரியின் காலை மிதித்துவிட்டு, தெரிந்த இங்கிலீஷில் 'தேங்க் யூ' என்றேன்.

சம்பந்தி எதையும் பார்க்கவில்லை. கக்கத்தில் பொட்டலத்தோடு நேரே தாழிகள் இருந்த கூடத்துக்குப் போனார். விளிம்பில் தன் கடப்பாரை பட்ட உடைசலை வைத்து, தாழியை அடையாளம் கண்டார். கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினார். மூலையில் மஞ்சள் தடவிய புது வேட்டியைப் பிரித்து அதன்மேல் போர்த்திவிட்டார்.

காவலாள் ஓடி வந்தான். "இன்னா பெரியவரே, இது கோயிலா?"

"இல்லப்பா, எழவு வீடு. நீங்களேதான செத்த காலேஜுங்கிறீக?"

உத்தியோகஸ்தர் வந்தார். நிதானமான மனிதர். "இது ரொம்பப் பழைய காலத்துத் தாழி. உள்ளே இருந்தவர் உங்கள் பாட்டன் என்று எப்படித் தெரியும்?"

"ஒங்க பாட்டனுக்குப் பாட்டன் பேரு என்னங்க?"

"தெரியாதே."

"தெரியலேங்கிறதுக்காக அவரு வேணாம்னுருவீகளா?"

கூட்டம் கூடிவிட்டது. உத்தியோகஸ்தருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேட்டியை எடுக்கச் சொன்னார். சம்பந்தி அசையவில்லை. "போட்ட கோடிய எடுக்கிறவன், மொட்டையடிச்சுக் கருமாதியும் செஞ்சாகணும். யாரு எடுக்கிறீக, எடுங்க பாப்போம்."

நீட்டிய கையைக் காவலாள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அப்படியொரு வழக்கம் எங்கள் பக்கம் கிடையவே கிடையாது. உத்தியோகஸ்தர் என்னைப் பார்த்தார். "பரம்பரை வழக்கங்க" என்றேன். நான் படித்த படிப்பு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

நாங்கள் வெளியே வரும்வரை வேட்டியை யாரும் தொடவில்லை. ரயிலில், "இந்நேரம் எடுத்திருப்பாக சம்பந்தி" என்றேன்.

"எடுக்கட்டும். போடலேன்னு இனி எவனும் சொல்ல முடியாதுல்ல?"

நிலமும் கிணறும் அவர் பிள்ளைகளுக்கு. 'போடலேன்னு எவனும் சொல்ல முடியாது' என்ற இந்த ஒரு பேச்சை நான் வைத்துக்கொண்டேன். பெரிய இடத்துப் படியில், விரட்டிவிடுவார்களோ என்று தயங்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறேன்.

குழிக்குக் கொண்டுபோகுமுன், சம்பந்தி முறைக்கு அவர் உடம்பின்மேல் கோடி போட்டேன். மார்பில் இழுத்துச் சரிசெய்தபோது ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மகள் அருகில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்: "எத்தனை தலைமுறை கழிச்சு எவன் வந்து தோண்டினாலும் சரி சம்பந்தி, நீங்க கோடியோடதான் பட்டணம் போவீக."