மேரியின் கரண்டி

மெல்போர்னில் இருக்கும் என் மகள் போன தடவை வந்தபோது, அங்கே பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஒரு வெள்ளிக் கரண்டியைக் கொடுத்தாள். காம்பின் பின்பக்கம் ஒரு கங்காரு, ஒரு ஈமு, பக்கத்தில் எம்.டி. என்று பொடி எழுத்து.

நம் வீடுகளில் பாத்திரத்தில் எழுத்து இருந்தால் அது சொந்தக்காரரின் பெயர்தானே? என் வீட்டில் சொம்பு முதல் தூக்குவாளி வரை என் கணவர் பெயர்தான். அவர் போனபின் இந்த முகப்பேர் ஃப்ளாட்டில் நான் ஒருத்திதான். அந்த எம்.டி.க்கு மேரி என்று பெயர் வைத்தேன். சாப்பிடும்போது பேசவும் ஆரம்பித்தேன். "மேரி, இன்னைக்கு ரசத்துல உப்பு கம்மி."

ஒருநாள் போனில் மகளிடம் இதை உளறிவிட்டேன். அவள் சிரித்தாள்.

"ஐயோ அம்மா, அது வச்சிருந்தவங்க பேர் இல்ல. செஞ்ச பட்டறையோட முத்திரை. அந்தக் காலத்துல அங்க அப்படித்தான் குத்துவாங்க. எத்தனையோ கரண்டியில இருக்கும்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத ஒருத்திக்காக அழுதேன்.

மறுநாள் கரண்டியோடு அம்பத்தூர் பாத்திரக்கடைக்குப் போனேன். கீறல் விழுந்தால் பழம்பொருளுக்கு மதிப்பே போய்விடும் என்று மகள் சொல்லியிருந்தாள். போகட்டும்.

"இன்னா பேரும்மா வெட்டணும்?" என்றார் கடைக்காரர்.

"மேரி."

"உங்க பேராம்மா?"

"இல்லப்பா. எங்கூட இருக்கிறவங்க."

மிஷின் கிர்ரென்று ஓடியது. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவேயில்லை.