அம்மா ஒருமுறை சொன்ன ‘இல்லை’

எங்கள் அம்மா மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்கு அருகில் பிறந்தவர். பள்ளியிறுதி முடித்துத் தட்டச்சும் தேறியவர். மணமாகிச் சைதாப்பேட்டைக்கு வந்த ஏழாம் ஆண்டில் அப்பா காலமானார். எனக்கு அப்போது ஐந்து வயது. வலிப்பு நோயும் இருந்தது. இதையெல்லாம் அவருடைய இந்த நினைவு மலரில் எழுத வேண்டுமா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். இதை விட்டுவிட்டு அம்மாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அறுபதுகள் முடிகிற நேரம். அம்மா வேலை தேடிப் போன இடமெல்லாம் குழந்தை உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள். உண்டு, உடம்புக்கு வந்தால் ஓட வேண்டியிருக்கும் என்று அம்மா ஒளிக்காமல் சொன்னார். கடிதம் போடுகிறோம் என்றார்கள். யாரும் போடவில்லை. “அண்ணி, கொழந்தை இல்லைன்னு சொல்லிடுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?” என்று வழி சொன்னவர் சித்தப்பா. இதைப் படித்து அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், அன்று எங்களுக்கு அரிசி வாங்கிப் போட்டவரும் அவர்தான்.

தியாகராய நகரில் தெற்கத்திக்காரர் ஒருவர் நடத்திய ஜவுளிக்கடையில், அந்தப் பொய்யைச் சொல்லி அம்மா தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி விட்டால் எதிர்வீட்டு மீன்கார அக்கா என்னைப் பார்த்துக்கொள்வார். கடையில் தொலைபேசி மணி அடித்தாலே அம்மா தட்டச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாராம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கடையில் கால் வைக்க இடமில்லாத மாலை. எனக்கு வந்த வலிப்பு அடங்கவில்லை. அக்கா என்னைத் தன் புருஷனோடு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கடைக்கு ஓடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், முதலாளி எதிரிலேயே சொன்னார்: “இன்னாம்மா ஒக்காந்துகினு கீற? உம் பொண்ணுக்கு இழுத்துக்கினு கீது, நிக்கவேயில்ல. வா ஆஸ்பத்திரிக்கு.”

அம்மா முதலாளியை ஒருமுறை பார்த்தார். அக்காவோடு ஓடிவிட்டார்.

நான் பிழைத்தேன். மூன்றாம் நாள் அம்மா கடைக்குப் போனார். முதலாளி மதியம்வரை அவரை நிற்க வைத்தார். கடையில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் முதலாளியே கூப்பிட்டார்.

“வேலைக்காகப் பொய் சொன்ன, சரி. பெத்த பிள்ளைய இல்லன்னு சொல்ல எப்படிம்மா மனசு வந்துது?”

“உண்மையச் சொன்ன எடத்துல யாரும் வேலை குடுக்கலைங்க. நீங்க குடுத்திருப்பீங்களா?”

முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, “குடுத்திருக்க மாட்டேன்” என்றார். “நாளையிலேருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்துரு.”

அதன்பின் நான் வளர்ந்தது அந்தக் கடை மாடியில், புடவைக் கட்டுகளுக்கு நடுவில்தான். எனக்கு மருந்து வேளை தவறினால் அம்மாவுக்கு முதலாளியிடம் திட்டு விழும். அம்மா வேறு வேலை தேடவேயில்லை.

ஆனால் என்னை இல்லை என்று சொன்னது எனக்கு ஆறவேயில்லை. சண்டை வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் குத்தியிருக்கிறேன். அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

மீன்கார அக்காவுக்கும், முதலாளி குடும்பத்தாருக்கும், சித்தப்பாவுக்கும், அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த உங்கள் அனைவருக்கும் என் கைகூப்பிய நன்றி. நீங்கள் இல்லாத ஒரு காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பேச்சு நின்று இரண்டு நாளாகியிருந்தது. புதிதாக வந்த நர்ஸ் ஏதோ தாளை நிரப்பிக்கொண்டே, இவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா கண் திறந்தார்.

“இருக்கா. ஒரு பொண்ணு இருக்கா.”

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை.