டேப்புக்குள் ஒரு விரல்

பொன்னமராவதியில் பள்ளிவாசல் தெருமுனையில் மிஷின் போட்டிருந்த பிச்சைமுத்துவுக்கு ஊரில் ஒரு நல்ல பெயர் இருந்தது. அவன் தைத்த சட்டை யாருக்கும் மூச்சு முட்டாது. இதற்குப் பெரிய வித்தையெல்லாம் ஒன்றும் இல்லை. அளவெடுக்கும்போது இஞ்சு டேப்பைச் சுற்றி, உள்ளே தன் ஆள்காட்டி விரலை நுழைத்து, அதன் மேல்தான் இழுத்துப் பிடிப்பான். முதல் சலவையில் துணி சுருங்கும். நாலு கல்யாணச் சாப்பாட்டில் ஆள் பெருப்பான். இரண்டுக்கும் அந்த ஒரு விரல் ஈடுகொடுக்கும். தொழில் கற்ற நாளில் பழகிய விரல் அது. எவன் நெஞ்சைக் கண்டாலும் தானாக உள்ளே போய்விடும். அதைப் பற்றி அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

உதுமான் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. வெற்றிலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தை சந்தையாக நடப்பவன். மாமன் மச்சான் என்று முறைவைத்துப் பேசிக்கொள்ளும் ஊர் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் ‘மாப்ளே’ என்றே கூப்பிடுவார்கள். உதுமானுக்கு ஒரே ஒரு ஆசை. புதுக்கோட்டைச் சமஸ்தானப் போலீசில் சேர வேண்டும். இரண்டு வருஷமாகத் தண்டாலும் பஸ்கியும் எடுத்து உடம்பைத் தேற்றினான். யுத்தக் காலமாகப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. மார்பு முப்பத்தி நாலு இஞ்சு இருக்க வேண்டும். வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவனுக்கு இருபத்தைந்து முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. இந்தத் தடவை விட்டால் ஆயுசுக்கும் வெற்றிலைக் கூடைதான்.

ஆள் எடுக்கும் நாள் ரமலான் மாதத்தின் இருபத்தி நாலாவது நோன்பில் வந்து விழுந்தது. யாரைக் கேட்டு வைத்தார்கள் என்று பிச்சைமுத்து பொருமினான். பொருமி என்ன செய்ய?

நோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிச்சைமுத்து அளந்து பார்த்தான். முப்பத்தி அஞ்சு.

"ஒரு இஞ்சு கையிருப்பு இருக்கு மாப்ளே. பயப்படாதே" என்றான்.

உதுமானும் பயப்படவில்லை. அதுதான் வினையாயிற்று. இரண்டாவது நோன்பன்று, காலை பத்து மணி வெயிலில், ஊரணிக் கரையில் வழக்கம்போல நூறு தண்டால் எடுக்கக் குனிந்தான். அறுபதைத் தாண்டும்போது முகம் மண்ணில் போய் விழுந்தது. ஆவணி மாதத்து வெயில், சித்திரை தோற்றுப்போகும். துணி வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்த பிச்சைமுத்துதான் அவனைத் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

கம்பவுண்டர் செபமாலை நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு மூச்சுத் திட்டினார்.

"தண்ணி குடிக்காத ஒடம்ப வெயில்ல போட்டு வறுக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆளா? நான் நோன்ப விடச் சொல்லல. அது ஒனக்கும் ஒன் ஆண்டவனுக்கும் உள்ளது. ஆனா பகல்ல தண்டால் கூடாது. சாயங்காலம் நோன்பு தெறக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில மெதுவா நட, போதும். கஞ்சி குடிச்சு, தண்ணிய ஒரேயடியா ஊத்தாம வாய்வாயாக் குடிச்சு, ஒரு மணி நேரம் போனப்பறம் தண்டால் எடு. அதுவும் நூறு இல்ல, அம்பது. கிறுகிறுன்னு வந்தா அங்கயே நிறுத்திடணும். நான் சொல்றது வெளங்குதா?"

"அம்பது எடுத்தா ஒடம்பு எறங்கிடாதுங்களா?" என்று கேட்டான் உதுமான்.

"வாரா வாரம் அளந்து பாரு. எறங்கினா என்கிட்ட வா. ராத்திரிக்கு முட்டை, பால், கறி சூப்புன்னு ஏத்திக்கலாம். அளவு நின்னா ஒண்ணும் பண்ண வேணாம்."

அளப்பது யார்? பிச்சைமுத்துதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுதுவிட்டு உதுமான் கடைக்கு வருவான். சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பான். பிச்சைமுத்து டேப்பைச் சுற்றுவான். விரல் உள்ளே போகும். முதல் வாரம் முப்பத்தி நாலே முக்கால். அடுத்த வாரம் முப்பத்தி நாலரை. மூன்றாவது வாரமும் அதே முப்பத்தி நாலரை.

"நின்னிருச்சு மாப்ளே! இன்னும் அரை இஞ்சு மிச்சம்."

உதுமானின் தாய் மைமூனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒருநாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"பிச்சை, எம் புள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு தெரியுது. நெய் வாங்கி ஊத்தவா, கெடா எலும்பு வாங்கவா, நீ சொல்லு. கம்மலக் குடுத்தாச்சும் வாங்கிப்புடுவேன்."

"அத்தெ, அதெல்லாம் ஒண்ணும் வேணாம். கம்மல் காதுலயே இருக்கட்டும். டேப்பு பொய் சொல்லாது" என்றான் பிச்சைமுத்து.

அவள் அவன் பேச்சை நம்பித் திரும்பிப் போனாள். அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆள் எடுக்கும் நாளன்று உதுமானுடன் பிச்சைமுத்துவும் பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடிய பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனான். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி வைக்கவும் மறந்துபோயிருந்தான். பயணம் போகிறவன் நோன்பை விட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியிருந்தார். உதுமான் விடவில்லை. அரை இஞ்சு மிச்சம் இருக்கும்போது எதற்கு விட வேண்டும் என்று கேட்டான். பிச்சைமுத்துவும் ஆமாம் என்று தலையாட்டினான்.

மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே ஐம்பது அறுபது பேர் இடுப்பு வேட்டியோடு வரிசையாக நின்றார்கள். ஓட்டம் பிறகுதான், முதலில் அளவு. பிச்சைமுத்து வேலியைப் பிடித்துக்கொண்டு, மீசைக்கார ஹவில்தார் அளப்பதைத் தொழில்காரன் கண்ணோடு பார்த்தான். டேப்பை முதுகுப் பக்கம் கொண்டுபோய், அக்குளுக்கடியில் இழுத்து, வெறுந்தோலோடு ஒட்டப் பிடித்து, முன்னால் இரண்டு முனையையும் சேர்த்தார்.

உள்ளே விரல் இல்லை.

 பிச்சைமுத்து தன் கழுத்து டேப்பை உருவி, வேலி ஓரத்திலேயே தன் நெஞ்சைச் சுற்றி அளந்தான். விரலை விட்டு ஒரு தடவை, விடாமல் ஒரு தடவை. சுளையாக ஒரு இஞ்சு வித்தியாசம்.  மறுபடி அளந்தான். அதே ஒரு இஞ்சு.

உதுமானுக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் நின்றார்கள். கூப்பிட்டுச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? நெஞ்சை விரி என்றா? அதை அவனே செய்வான். இருபத்தி மூன்று நாளைத் திருப்பித் தர முடியுமா? மைமூன் கேட்ட நெய்யையும் எலும்பையும் இந்த ஏழு பேர் நகர்வதற்குள் ஊட்டிவிட முடியுமா? ஹவில்தாரைக் குறை சொல்லவும் வழியில்லை; அவர் அளப்பதுதான் சரியான அளவு. பிச்சைமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு பேர். ஐந்து பேர். தன் கையாலாகாத்தனத்தை அத்தனை மெதுவாக, ஆள் ஆளாக, அவன் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

உதுமான் முறை வந்தது. வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போய் நின்றான். டேப்பு சுற்றியது. உதுமான் குனிந்து ஹவில்தாரின் கையைப் பார்த்தான். நிமிர்ந்தான். மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை விடச் சொல்லிவிட்டுத்தான் ஹவில்தார் அளவைப் படித்தார்.

"முப்பத்தி மூணரை."

"இன்னொரு தடவை பாருங்க எசமான்."

ஹவில்தார் நல்ல மனிதர், இன்னொரு தடவை பார்த்தார். முப்பத்தி மூணரைதான். அங்கிட்டுப் போ என்று கையைக் காட்டினார். உதுமான் ஓடவே இல்லை. மூன்று வாரமாக மாலை வெயில் தணிந்தபின் நடந்து நடந்து பத்திரமாகக் காத்துவைத்த கால் இரண்டும் சும்மா வெளியே வந்தன.

திரும்பும் வழியில், என் விரல்தான் உன்னைக் கெடுத்தது மாப்ளே என்று சொல்லிவிடப் பிச்சைமுத்து நாலு தடவை வாயைத் திறந்தான். நாலு தடவையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாதி வழியில் பஸ் மேடேற முடியாமல் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். வேண்டாமென்று பிச்சைமுத்து தடுத்தும் கேட்காமல் உதுமானும் தள்ளினான்.

"இனிமே யாருக்கு மாப்ளே ஒடம்பக் காப்பாத்தணும்?" என்றான். அதைக் கேட்டதற்குப் பதில் அவன் தன்னை இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று பிச்சைமுத்துவுக்குத் தோன்றியது.

ஊர் வந்து சேர்ந்தபோது நோன்பு திறக்கும் நேரம். மைமூன் கஞ்சிக் கலயத்தோடு வாசலில் நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். பிச்சைமுத்து தன் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அதற்குப்பின் அவன் உதுமான் வீட்டுப் பக்கம் போகவில்லை. வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது உதுமானே கடைக்கு வந்தான். தலையில் வெற்றிலைக் கூடை, கையில் ரேஷனில் கிடைத்த இரண்டரை கஜம் வெள்ளைத் துணி. கூடையை இறக்கி வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றான்.

பிச்சைமுத்து டேப்பைச் சுற்றினான். ஆள்காட்டி விரல் வழக்கம்போல உள்ளே போகப் பார்த்தது. சுட்டது போல வெளியே இழுத்துக்கொண்டு, தோலோடு ஒட்டப் பிடித்தான்.

"முப்பத்தி மூணரை" என்றான். 

 உதுமான் பிச்சைமுத்துவின் கையைப் பிடித்து, அந்த விரலைத் தானே டேப்புக்குள் நுழைத்துவிட்டான்.

"வெரல விட்டே அள மாப்ளே. பெருநாளைக்குப் போடற சட்டை, மூச்சு முட்டக் கூடாது."

விரலுக்கடியில் உதுமானின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. டேப்பு முப்பத்தி நாலரை காட்டியது.  பிச்சைமுத்து அதைத் துணியின் ஓரத்தில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டான்.