ஜெராக்ஸ் கடையில் என் சாவுச் செய்தி

போன வருடம் கோடை விடுமுறையில், நாங்கள் இருக்கும் அம்பத்தூர் மேனாம்பேட்டில் நடந்தது இது. மகள் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் ஆசைப்பட்ட கல்லூரியில், தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும்; தமிழிலும் எழுதலாம். அது பிடித்திருந்தால்தான் உதவித்தொகை. அது கிடைக்காவிட்டால் எங்கள் நிலைமைக்கு அந்தக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது.

முதலில் எழுதியதை அவளுடைய டீச்சர், "மேடைப் பேச்சு மாதிரி இருக்கு. நீ பேசுற மாதிரி எழுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சில நாள் பேனாவைக் கடித்துக்கொண்டு திரிந்தாள். பிறகு ஒரு மதியம், "எழுதிட்டேம்மா. போன்லயே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிட்டேன். பிரின்ட் மட்டும் வாங்கிட்டு வந்துடு, படிக்காத" என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் தாள்களை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தார். "தப்பா நெனச்சிக்காதக்கா, பிரின்ட் எடுக்கசொல்ல படிச்சுட்டேன். மனசே சரியில்ல. பாவம், அம்மா இல்லாத பொண்ணு. நீ இன்னா, சித்தியா?"

ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டேன். வெளியே வந்து நின்றபடியே படித்தேன்.

நான் செத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கதவுக்குப் பின்னால் என் பச்சை நைட்டி இன்னும் தொங்குகிறதாம், யாரும் எடுப்பதில்லையாம். குக்கர் விசில் அடித்தால் இவள் இன்னும் என்னைத்தான் கூப்பிட வாயெடுக்கிறாளாம். திட்ட ஆளில்லாமல் தானே தலை பின்னிக்கொள்கிறாளாம். ஒரு வரியில்கூட ஜோடனை இல்லை, எதிரில் உட்கார்ந்து அவள் பேசுவது போலவே இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், கொக்கியில் பச்சை நைட்டி. காலையில் மாட்டியதே நான்தான். ஆனாலும் தொடக் கை வரவில்லை. கரண்ட் வேறு இல்லை. என் வீட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். "அம்மா" என்றாள். பதில் சொல்லத்தான் நினைத்தேன், குரல் எழும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அறைக்குள் போனாள், பாத்ரூம் கதவைத் தட்டினாள். அதற்கப்புறம் கேட்டது கூப்பிடுகிற குரல் இல்லை, அலறல். அப்படி ஒரு சத்தத்தை அவளிடம் நான் கேட்டதே இல்லை. அடுப்படிக்கு ஓடி வந்தவள், என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் மடியில் விழுந்து அழுதாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏன்டி, சீட்டுக்காக என்னைக் கொன்னுட்டியா?"

"நீ இருக்கேன்னு எழுதினா ஒண்ணுமே வரலம்மா. நீ இல்லன்னு ஒரு வாட்டி நெனச்சுப் பாத்தேன். அதுவா வந்துச்சு. நிறுத்த முடியல."

அன்று சாயங்காலமே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். கூப்பிட்டும் அம்மா பதில் சொல்லாமல் போன அந்த மதியத்தை மட்டும் எழுதி அனுப்பினாள். இடம் கிடைத்தது, உதவித்தொகை பாதிதான்; மீதிக்குக் கடன் வாங்கிச் சேர்த்தோம்.

தன்னை எவ்வளவு பிடிக்கும் என்று பெற்ற பெண் எழுதியதை, செத்த பிறகு படிக்கிற பாக்கியம் வேறு எந்த அம்மாவுக்குக் கிடைக்கும்? ஆனாலும் இன்றும் அவள் வாசலில் நின்று "அம்மா" என்றால், அடுப்பில் எது தீய்ந்தாலும் சரி, உடனே குரல் கொடுத்துவிடுகிறேன். கொஞ்சம் தாமதித்தாலும், நான் இருக்கிறேனா என்ற சந்தேகம் எனக்கே வந்துவிடுகிறது.