ஆவூரில் திறந்த திருக்கோகர்ணத்துக் கணினி

திருக்கோகர்ணத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை ஆவூருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, மேரியின் வேலையைக் காப்பாற்ற. எங்கள் தெரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைபவர் மேரி. கால் எலும்பு முறிந்து ஆவூர் வீட்டில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே ஆபீஸ் கணினியில் வேலை பார்க்க விபிஎன் போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு இடத்துக் கணினிகளை இணையம் வழியே ஒரே அறையில் இருப்பதுபோல் இணைக்கும் மென்பொருள் அது. ஐந்து நாளாக 'இணைந்தது' என்று காட்டியதே தவிர, ஒரு பைலும் திறக்கவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஒரு பிளான் வராவிட்டால் திங்கள் முதல் வேறு ஆள் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

காலை 8.10க்கு பைக்கை எடுத்தேன். கீரனூரில் இட்லி, காபி 55 ரூபாய். (சட்னிக்காகவே நிறுத்தலாம்.) அதைத் தாண்டி ஒரு டீக்கடையில் வழி கேட்டேன்.

"நேரா போங்க, கோயில் தெரியும். அதுக்கு அங்கிட்டுப் போயிறாதீங்க, இங்கிட்டே திரும்பிருங்க" என்றார் கடைக்காரர். மாதா கோயிலைத்தான் சொன்னார். அந்தப் பக்கம் கோயில் என்றால் அதுதான். 9.40க்குப் போய்ச் சேர்ந்தேன். மீட்டரில் 41 கிலோமீட்டர், பெட்ரோல் சுமார் நூறு ரூபாய்.

"சிக்னல் சரியில்லைன்னீங்களே, பாருங்கண்ணே" என்று மேரி போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். தடங்கலே இல்லை. நான் காதில் வாங்காமல் மென்பொருளை அழித்து, மறுபடி போட்டு, ஒரு மணி நேரத்தைத் தின்றேன். பலனில்லை.

"அண்ணே, மூணு தடவை சொல்லிட்டேன். நீங்க குடுத்த ஆபீஸ் நம்பரை அடிச்சா எங்க வீட்டு பிரிண்டர் பக்கம்தான் வருது."

அப்போதுதான் உறைத்தது. நெட்வொர்க்கில் எதை மாட்டினாலும், மறக்காமலிருக்க அதன் முகவரி எண்ணில் (ஐபி) கடைசி எண்ணை 50 என்று வைப்பது என் பழக்கம். ஆபீஸ் கணினிக்கும் 50. போன வருடம் மேரி கடைக்குக் கொண்டுவந்த பிரிண்டருக்கும் 50. முன்னால் வரும் எண்களோ இரண்டு இடத்து மோடத்திலும் வாங்கியபடியே ஒன்றுதான். கூப்பிட்ட எண் வீட்டிலேயே இருக்கும்போது கணினி ஏன் திருக்கோகர்ணம் வரை போகப்போகிறது? என் கடை மோடத்தில் எண் வேறு, அதனால் அங்கிருந்து சோதித்தபோது ஓடியது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஐந்து நாளாக நான் ஆவூர் சிக்னலைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

மேரி வீட்டு மோடத்தின் எண்ணை மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 11.05க்கு ஆபீஸ் பைல்கள் வரிசையாகத் திறந்தன. மேரி உடனே வரையத் தொடங்கினார். 11.50க்கு பிரிண்ட் கொடுத்தார். தாள் வந்தது திருக்கோகர்ணம் ஆபீசில்.

"வந்துருச்சும்மா. திங்கக்கிழமை ஆளு வேணாம்னு சொல்லிர்றேன்" என்றார் இன்ஜினியர் ஸ்பீக்கர் போனில். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: புறப்படும் முன்பே இரண்டு இடத்து மோடம் எண்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றாக இருந்தால் ஒன்றை மாற்றுங்கள். வாடிக்கையாளர் ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னால், முதல் முறையே கேளுங்கள்.

அன்றைக்கு இன்ஜினியர் போனை வைப்பதற்குள் இன்னொன்றும் நடந்தது. மேரி சொன்னார்: "சார், காலு சரியானாலும் நான் வீட்டுலேருந்தே வரையிறேன். பஸ்சுல போய் வர்ற மூணு மணி நேரம் மிச்சம்."



"சரிம்மா. வாரத்துல ஒரு நாளாவது வா" என்றார் இன்ஜினியர்.

"வெள்ளிக்கிழமை வாரேன் சார்" என்று நாளையும் அவரே முடிவு செய்துவிட்டு, அடுத்த பிளானைத் திறந்தார்.