றெக்ஸின் கோழிகளும் யோசெப்பின் எலிகளும்

றெக்ஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வந்தது. யோசெப் அப்போது மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் தன் வீட்டுப் பின்வளவில் நின்று, எலிப்பொறி ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி றோசா சமையலறைக் கதவைத் திறந்து, கைபேசியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

"பிரியந்தி எடுத்தவ. றெக்ஸ் அண்ணை நித்திரையிலயே போயிட்டாராம்."

யோசெப் சிலுவை அடையாளம் போட்டார். அதற்குப் பிறகு வந்த எண்ணம் அவருக்கே வெட்கமாக இருந்தது. படுக்கை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, வலி இல்லை. சாவிலும் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

இருவரும் மன்னாரிலிருந்து ஒரே ஆண்டில் மொன்றியலுக்கு வந்தவர்கள். யன்னல் செய்யும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து, கடைசியில் முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு வீடுகளை வாங்கினார்கள். நடுவில் ஒரு மரவேலி. தொழிற்சாலையில் றெக்ஸை மேற்பார்வையாளராக்கினார்கள், யோசெப்பை ஆக்கவில்லை. றெக்ஸ் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். யோசெப் இன்னும் காலை ஐந்தரைக்கு எழும்பி பஸ் பிடிக்கிறார். றெக்ஸுக்கும் மனைவி பிரியந்திக்கும் பிறந்த மகள் வக்கீல். யோசெப்பின் மகன் வினோஜன் லவாலில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் அவனைப் பற்றி எந்தக் கொண்டாட்டத்திலும் யாரும் விசாரிப்பதில்லை. இதையெல்லாம் யோசெப் விழுங்கிக்கொண்டார். விழுங்க முடியாமல் போனது கோழிகளைத்தான்.

நகரசபை அனுமதி கொடுத்ததும் றெக்ஸ் நான்கு பேட்டுக் கோழிகள் வாங்கினார். அடுத்த மாதம் யோசெப் ஐந்து வாங்கினார். ஞாயிறு பூசை முடிந்ததும் றெக்ஸ் ஒரு பெட்டி முட்டையைப் பாதரின் கையில் கொடுப்பார். "றெக்ஸ் வீட்டு முட்டையின்ர மஞ்சளே வேற" என்று பாதர் ஒரு தரம் சொன்னார். யோசெப் அன்றைக்குப் பூசைக்குக் கொண்டுபோன தன் முட்டைப் பெட்டியைக் கார் இருக்கையிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

தன் கோழிகளுக்கு அவர் குறை வைக்கவில்லை. வினையே அதுதான். பங்கு மண்டபத்தில் மதியச் சாப்பாடு முடிந்து மிஞ்சும் சோற்றை, செபம் சொல்லி ஆசீர்வதித்த சோறு குப்பைக்குப் போகக்கூடாது என்று, வாளி வாளியாகக் கொண்டுவருவார். பொழுதுபடும் நேரம் கூட்டுக்குள் பரப்பிவிட்டு, "வயிறு நிறைஞ்சு படுங்கோ" என்பார். கோழிகள் இருட்டியதும் கம்பில் ஏறிக் கண்ணை மூடிவிடும். சோறு விடியும்வரை கிடக்கும். முதலில் சுண்டெலிகள் வந்தன. செப்டம்பரில் பெரிய எலிகள் வந்தன. தீனிப் பையின் அடியைக் கடித்தன, முட்டைகளை உருட்டிக்கொண்டு போயின. ஒருநாள் காலையில் ஒரு பேட்டின் காலில் இரத்தம்.

றெக்ஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"யோசெப் அண்ணை, சோத்தை விடுங்கோ. தீனித் தட்டைப் பொழுதுபடமுன்னம் எடுத்து வையுங்கோ. பையில வைக்காமல் மூடியுள்ள தகர வாளியில கொட்டுங்கோ."

"எனக்குத் தெரியும்."

"நீங்கள் அடிச்சிருக்கிறது கோழிவலை. அது கோழியைத்தான் மறிக்கும், எலியை மறிக்காது. அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை வேணும். நிலத்துக்குள்ள ஒரு அடி இறக்கோணும்."

"உம்மட எலிதான் இஞ்ச வருது."

"என்ர எலி எண்டு நெத்தியில பேர் எழுதிக் கிடக்கே, அண்ணை?"

"நான் நஞ்சு வைக்கப்போறன்."

"ஐயோ வேண்டாம். செத்த எலியைக் கொத்தினால் கோழியும் போயிடும்."

அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் நகரசபையின் கடிதம் வந்தது. எலி என்று யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். டிசம்பர் நாலாம் திகதி பரிசோதகர் வருவார். கூடு சரியில்லை என்றால் அனுமதி போய்விடும். ஐந்து பேடுகளையும் கொடுத்துவிட வேண்டிவரும் என்பதைவிட, வேலிக்கு அந்தப் பக்கம் நான்கு பேடுகள் நிற்கும் என்பதுதான் யோசெப்பின் வயிற்றை எரித்தது. முறைப்பாடு றெக்ஸின் வேலை என்று முடிவுகட்டினார். அவரோடு கதைப்பதை நிறுத்தினார். சோற்றையும் நிறுத்தினார், றெக்ஸ் சொன்னதற்காக இல்லை என்று றோசாவிடம் இரண்டு தரம் சொன்னார்.

நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை வேலையால் வந்தபோது, கூட்டின் ஒரு பக்கத்தில் புதுக் கம்பிவலை பளபளத்தது. நிலத்துக்குள் ஒரு அடி இறங்கியிருந்தது.

"நான்தான் றெக்ஸ் அண்ணையை வரச் சொன்னனான்" என்றாள் றோசா. "நாலாம் திகதி வந்து நிக்கிறவனுக்கு உங்கட ரோஷத்தையே காட்டப்போறியள்?"

யோசெப் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பிழை தேடினார். ஆணிகள் விரல் அளவு இடைவெளியில் ஒரே நேராக நின்றன. வியாழன் இரண்டாம் பக்கம். வெள்ளிக்கிழமை மூன்றாம் பக்கம் முடிகிற நேரத்தில் யோசெப் வந்து சேர்ந்தார்.

"நாளைக்கு மிச்சத்தையும் முடிச்சிடுவன், அண்ணை."

"வேண்டாம். மிச்சத்தை நான் செய்வன். எனக்கும் கை இருக்கு."

றெக்ஸ் அவரைப் பார்த்தார், தலையாட்டினார். "சரி. அப்ப வெட்டுற இடத்தைக் குறிச்சு வைக்கிறன்." சிவப்புப் பேனாவால் வலையில் கோடு போட்டு, சுருட்டிக் கூட்டருகே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி வேலிக் கதவால் போனார். மறுநாள் விடியத்தான் பிரியந்தியின் செய்தி வந்தது.

அடக்கத்துக்கு வந்த கார்கள் கோயில் வளவு நிறைந்து தெருவிலும் நின்றன. யோசெப் தன் அடக்கத்துக்கு எத்தனை வரும் என்று யோசித்தார். பாதர் பிரசங்கத்தில் முட்டையைச் சொன்னார். பிரியந்தி யோசெப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்கும் அந்தக் கடிதம் வந்ததண்ணை. மூலை வீட்டு மனிசன்தான் ரெண்டு வீட்டையும் பற்றி எழுதிப்போட்டது. 'யோசெப் அண்ணையின்ர பக்கம் எலி நிண்டால் எங்கட பக்கமும் நிக்கும், அவரின்ர கூட்டை முதல்ல செய்வம்' எண்டு இவர் சொன்னவர்."

 கோபப்படுவதற்கு யோசெப்புக்கு இருந்த ஒரே காரணத்தையும் றெக்ஸ் கொண்டுபோய்விட்டான்.

அந்தக் கிழமை குளிர் சுழியத்துக்குக் கீழே பதினான்கு பாகைக்கு இறங்கியது. யோசெப் நிலத்தை அலவாங்கால் குத்திப் பார்த்தார்; கல்லில் பட்டதுபோல் துள்ளியது. நாலாம் திகதி வந்த பரிசோதகர் ஓர் இளம்பெண். "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, மூன்று பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிரெஞ்சில் கேட்டாள்: நல்ல வேலை, யார் செய்தது?

"நான்" என்றார் யோசெப்.

அப்படியென்றால் இந்தப் பக்கம் ஏன் பழையபடியே இருக்கிறது? நிலம் உறைந்து இறுகிவிட்டது என்றார். அந்தப் பக்கத்தில் இப்போதைக்குச் சீமெந்துக் கற்களை அடுக்கும்படி சொல்லி, ஏப்ரல் முடியும்வரை தவணை எழுதிக்கொடுத்துப் போனாள் அவள். கோழிகள் தப்பின.

றோசா சமையலறைக் கதவில் நின்றாள். "வாய் கூசேல்லையோ?"

அவர் கற்களை எடுக்கப் போனார்.

இப்போது மே மாதம் பிறந்துவிட்டது. நிலம் இளகி மூன்று கிழமையாகிறது. சிவப்புக் கோடு போட்ட ஒன்பது அடி வலை, றெக்ஸ் சுருட்டி வைத்தபடியே கூட்டருகே கிடக்கிறது.