துண்டுப் பந்து

என் அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணிகளை மெஷினில் போட்டு எடுப்பது என் வேலை; ஈரப் போர்வைகளை உயரக் கொடியில் போடுவது அவர் வேலை. போன வருடம் அவருடைய வலது தோள் இறுகிவிட்டது. கை காதுவரைகூட எழும்பவில்லை. சூப்பர்வைசர் அவரைத் துணி மடிக்கப் போட்டு, ஒரு மாதம் கெடு கொடுத்தார். அதற்குள் கொடி எட்டாவிட்டால் வேறு ஆள்.

டாக்டர் சொன்ன பயிற்சி, விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு மேலே ஏற்றுவது. தினமும் காலையில் இருபது, மாலையில் இருபது. அண்ணி நாலு தடவை ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"ரொம்ப வலிக்குதா அண்ணி?"

"வலியைக்கூடப் பொறுத்துக்கலாம். சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறதுதான் சகிக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போய்விடுமே என்று என்னிடம் அழுகிறவருக்குச் சுவர் அலுக்கிறதாம்! கையிலிருந்த ஈரத்துண்டைச் சுருட்டி அவர் மேல் எறிந்தேன். கோபத்தில் அது உயரமாகப் போனது. அண்ணியின் வலது கை தன்னால் எழுந்து காதைத் தாண்டிப் போய்ப் பிடித்தது. "ஐயோ அம்மா!" என்று அலறினார். ஆனால் துண்டை விடவில்லை.

அன்றிலிருந்து மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் எங்களுக்குப் பந்தாட்டம்தான். தவறவிட்டவர் வடிகாலில் அடைத்த நூலையும் முடியையும் வழிக்க வேண்டும். அதற்குப் பயந்தே அண்ணி எம்பி எம்பிப் பிடித்தார். விழுந்துவிட்டால், "நான் ரெடின்னே சொல்லலியே, இது செல்லாது" என்று அழுகுணி ஆட்டம் வேறு.

"ரெண்டு பேருக்கும் ஏழு கழுதை வயசாகுது" என்று தலையிலடித்துக்கொண்ட இஸ்திரிக்காரர், மூன்றாம் நாள் தானும் வந்து நின்றார். முட்டிவலி இருக்கிறதாம், அவருக்கு மட்டும் தாழ்வாக எறிய வேண்டுமாம்.

கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. அண்ணி ஓங்கி எறிந்த துண்டு, கதவைத் திறந்துகொண்டு வந்த சூப்பர்வைசரின் சட்டையில் சொத்தென்று விழுந்தது.

"இது வேலை செய்யற இடமா, விளையாடற இடமா? யார் எறிஞ்சது?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிவிட்டார். "நான்தான் சார்."

வலது கை. தலைக்கு மேலே, நேராக.

சூப்பர்வைசர் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் அண்ணாந்து பார்த்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, இறக்குங்க" என்றார். "நாளையிலேர்ந்து கொடிக்குப் போங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணிக்கோ கையை இறக்க மனசே வரவில்லை.